சமையலறைப் பெட்டியின் மீதான உள்விசாரணை

நேர்முகத் தேர்வு நடத்தாமல் எந்தப் பொருளையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் சில்வெஸ்டருக்கு இல்லை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் அதிகாரியாக இருந்தவர் அவர். அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவருடைய வழக்கத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. ஈப்போவை அடுத்த லகாட்டிலுள்ள அவர் வீட்டு வாசலுக்குப் புதிய பொருள் ஏதாவது வந்துவிட்டால் போதும். குளித்து, முழுக்கைச் சட்டை அணிந்து, டை கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அமர்ந்துவிடுவார். எதிர் நாற்காலியில் அந்தப் பொருள் அமர்த்தப்படும்.

சோறு ஆக்கும் மின்பானை இப்படித்தான் தேர்வானது. "நெருக்கடியான வேளையில் நீ எப்படி நடந்துகொள்வாய்?" என்று அதனிடம் கேட்டார். அது மௌனமாக இருந்தது. நிதானமுள்ளது என்று எடுத்துக்கொண்டார். மின்விசிறி ஒன்று கேள்வி முடிவதற்குள் தலையை இரு பக்கமும் ஆட்டியதால், ஒத்துழைக்கும் குணமில்லை என்று கடைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வீட்டுப் பூனைகூட தகுதிகாண் காலத்தை முடித்த பிறகுதான் நிரந்தரமாக்கப்பட்டது. அவருடைய மனைவி கெர்ட்ரூட் இதற்கெல்லாம் பழகிப்போனவர். "நாலு கேள்வி கேக்காட்டி அவருக்குச் சாப்பாடு செமிக்காது" என்று விருந்தினர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத ஒரு வாரமும் வந்தது.

இரண்டு தொடர்வீடுகளை வாங்கி, நடுச்சுவரில் ஒரு கதவு மட்டும் வைத்து இணைத்த வீடு அது. இணையத்துக்கான ஃபைபர் லைன் இடப்பக்க வீட்டின் முன்கூடத்தில் நுழைகிறது. மகள் மெலிண்டா வேலை செய்யும் அறையோ வலப்பக்க வீட்டின் கடைசியில், சமையலறைக்கும் அப்பால் இருக்கிறது. முன்கூடத்திலிருந்து புறப்படும் வைஃபை, தடித்த செங்கற்சுவரைக் கடந்து, குளிர்பெட்டியைச் சுற்றி, தகரக்கூரை போட்ட அந்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துப்போய்விடும்.

மெலிண்டா கோலாலம்பூரிலுள்ள காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். விபத்தில் சிக்கியவர்களிடம் காணொளியில் பேசி, இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது அவள் பணி. முன்பு கோலாலம்பூரிலேயே சன்னல் இல்லாத வாடகை அறையொன்றில் தங்கி வேலை செய்தவள்தான்; பாதி ஆளாகத் திரும்பி வந்தாள். லகாட்டுக்கு வந்த பிறகுதான் முகத்தில் சதை பிடித்தது. இப்போது அவளுடைய மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: வரும் வாரம் லைனைக் கவனிப்பார், பேச்சு மறுபடியும் அறுந்தால் அவள் கோலாலம்பூருக்கே வந்துவிட வேண்டும்.

"ப்பா, திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணியாகணும். இந்தத் தடவ இன்டர்வியூ எல்லாம் வேணாம்ப்பா. கென்னத் மாமா சொல்றத வாங்கிடலாம்" என்றாள் மெலிண்டா.

"ஆள் எடுக்கிறது அவசரத்துல செய்யிற வேலையாம்மா?" என்றார் சில்வெஸ்டர்.

கென்னத், கெர்ட்ரூட்டின் தம்பி. ஈப்போவில் கணினிச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை. அக்காள் மகளுக்காக, கடையில் சொல்லிவிட்டு, பெட்டி பெட்டியாகச் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். சில்வெஸ்டர் டையைச் சரிசெய்துகொண்டு, முதல் விண்ணப்பதாரரை அனுப்பச் சொன்னார்.

எட்டு ஆன்டெனாக்கள் கொண்ட கறுப்பு ரவுட்டர் ஒன்று வந்து, மல்லாக்கப் போட்ட நண்டு போல நாற்காலியில் கிடந்தது.

"முந்தைய இடத்தை விட்டு ஏன் வந்தீர்கள்?"

"புதுச் சாமான் அத்தான். கடையிலேர்ந்து நேரா வருது" என்றான் கென்னத்.

"நான் ஒங்கிட்ட கேக்கல. அவரே சொல்லட்டும்."

ரவுட்டர் ஓர் ஆன்டெனாவைக்கூட அசைக்கவில்லை. கென்னத்தான் பொறுமையாக விளக்கினான். ஒற்றைப் பெட்டி எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இந்தச் சுவர்களோடு மல்லுக்கு நிற்க முடியாது. அது உரக்கப் பேசலாம்; மெலிண்டாவின் மடிக்கணினிக்கு அவ்வளவு பெரிய தொண்டை கிடையாது, அது சொல்லும் பதில் முன்கூடம் வரை வந்து சேராது. ஆகவே வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வைஃபை பரப்பும் சின்னச் சின்ன எக்சஸ் பாயிண்டுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுத்துவிட வேண்டும். அவள் எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும்.

"நல்ல யோசனை. இவர் எல்லா வேலையையும் தானே செய்ய ஆசைப்படுகிற ரகம். அடுத்தவர்" என்றார் சில்வெஸ்டர்.

அடுத்து, மின்பிளக்கில் நேராகச் செருகும் கட்டைவிரல் உயரச் சாமான் ஒன்று வந்தது.

"இது ரிப்பீட்டர் அத்தான். முன்னால உள்ளவன் சொன்னதயே திருப்பிச் சொல்லும். வேகத்துல பாதி அதுலயே போயிரும்."

"இந்த மாதிரி ஆளுங்கள நான் மீட்டிங்ல நெறைய பாத்திருக்கேன். வேண்டாம்."

மூன்றாவதாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அதனுள் கோழிமுட்டைபோல் வழவழப்பான மூன்று வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. சில்வெஸ்டரின் முகம் மலர்ந்தது. அடக்கமான தோற்றம், தேவையில்லாத ஆன்டெனா இல்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தன. நடக்க நடக்க ஒன்று மற்றொன்றிடம் ஆளை ஒப்படைத்துவிடும் என்றும், வீடு முழுவதற்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் போதும் என்றும் கென்னத் சொன்னான். மெலிண்டா கைதட்டியே விட்டாள். நியமனம் உறுதியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்த வேளையில், சில்வெஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு பேருக்கும் ஒரே முகச்சாயலா இருக்கே?"

"ஒரே செட்டு அத்தான். அண்ணன் தம்பி மாதிரி. அதனாலதான் ஒண்ணுக்கொண்ணு நல்லாப் பேசிக்கும்."

சில்வெஸ்டர் பேனாவை மூடினார். நெருங்கிய உறவினர்கள் ஒரே பிரிவில் வேலை செய்யக் கூடாது என்பது தொழிற்சாலையில் அவர் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த விதி.

"அலாமா! பெட்டிக்கு ஏது அத்தான் சொந்த பந்தம்?" என்று கென்னத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீதான் சொன்ன, அண்ணன் தம்பின்னு. ஒருத்தன் தப்பு செஞ்சா இன்னொருத்தன் மறைப்பான். பேசிக்கும்னு வேற சொல்ற. வேலை நேரத்துல என்ன பேச்சு?"

மெலிண்டா கெஞ்சினாள், கெர்ட்ரூட் முறைத்தார், பயனில்லை. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த, ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத மூன்று பெட்டிகள் தேர்வாயின. ஒன்று முன்கூடத்திலும், ஒன்று நடுக்கதவின் மேலும், ஒன்று மெலிண்டாவின் அறையை ஒட்டிச் சமையலறையிலும் பணியமர்ந்தன. தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை உண்டல்லவா? அதைப்போல ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுக்கப்பட்டன. கேபிள்களை இழுத்து முடித்த கென்னத், "அத்தான், மூணுல எது தல, எது வாலுன்னாவது நான் செட் பண்ணி வுட்டுட்டுப் போறேன். ஒண்ணோட ஒண்ணு மோதாம சேனலயாச்சும் பிரிச்சு வைக்கிறேன்" என்றான். தகுதி பார்த்து எடுத்தவர்களின் வேலையில் தலையிடுவது அவர்களை அவமதிப்பதாகும் என்று சொல்லி, சில்வெஸ்டர் அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த வட்டாரத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகள் நிறைய. அவற்றில் ஒன்றின் கரையில் வாழ்ந்த கொக்கு ஒன்று, மழை வருவதை முன்கூட்டி அறிவிக்கத் தவளைகளை நியமித்ததாம். ஒரே குட்டைத் தவளைகள் தமக்குள் கூடிக்கொள்ளும் என்று அஞ்சி, மூன்று குட்டைகளிலிருந்து மூன்று தவளைகளைத் தேர்ந்தெடுத்தது. மழை திரண்ட அன்று மூன்றும் ஒரே மூச்சில் கத்தின. ஒன்று கிழக்கே போ என்றது. ஒன்று மேற்கே போ என்றது. மூன்றாவது, தான்தான் கொக்கு என்றது. உண்மையான கொக்கு, நடுவில் நின்று நனைந்தது.

திங்கட்கிழமை காலை சில்வெஸ்டர் வீட்டில் நடந்தது ஏறத்தாழ இதுதான். மூன்று பெட்டிகளும் ஒரே சேனலில் ஒன்றன்மேல் ஒன்று கத்தின. போதாக்குறைக்கு, ஒவ்வொன்றும் தானே வீட்டுக்குத் தலைமை என்று எண்ணிக்கொண்டு, வந்த கருவிகளுக்கெல்லாம் தன் விருப்பப்படி முகவரி வழங்கியது. பாகான் செராயில் நெல் அறுவடை இயந்திரம் கால்மீது ஏறிய ஒருவர், தம் வலியை விவரித்துக்கொண்டிருக்கும்போதே உறைந்துபோனார். மெலிண்டா முன்கூடத்துப் பெயரிலிருந்து சமையலறைப் பெயருக்கு மாற்றினாள். அவர் திரும்பி வந்து, "…அதுக்கப்புறம்தான் டாக்டர் அந்தக் கால…" என்றவுடன் மறுபடியும் உறைந்தார். கவனித்துக்கொண்டிருந்த மேலாளரும் வாயைத் திறந்தபடியே நின்றுபோனார்.

பிறகு மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். புதன்கிழமை காலை இன்னொரு முறை பார்ப்பார், அதுதான் கடைசி.

மெலிண்டா அப்பாவைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறி, அலமாரிமேல் கிடந்த சூட்கேஸை இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக் கட்டிலில் வைத்தாள். அதைப் பார்த்த கெர்ட்ரூட் நேராகக் கணவரிடம் வந்தார்.

"என்னங்க, பொண்ணு சூட்கேஸ எறக்கிட்டா. இப்பத் திருப்தியா?"

மகள் சூட்கேஸை இறக்கினால் என்ன செய்வது என்று சில்வெஸ்டருக்குத் தெரியாது. நடைமுறை என்ன என்பதுதான் தெரியும். மெலிண்டாவுக்கு மிக அருகில் இருந்தது சமையலறைப் பெட்டி. ஆகவே பொறுப்பு அதனுடையது. கடமை தவறியதற்குக் காரணம் கேட்டு ஒரு கடிதம் தட்டச்சு செய்து, பசைநாடாவால் அதன்மேல் ஒட்டினார். பெட்டி விளக்கம் தரவில்லை. எனவே செவ்வாய்க்கிழமை மாலை உள்விசாரணை நடைபெறும் என்று அறிவித்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார், குற்றஞ்சாட்டப்பட்ட ஆளுக்காக யாரு பேசுறா?"

அடுத்த வீட்டு ஜெயபாலன்தான். அதே தொழிற்சாலையில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். பல ஆண்டுகள் அவரும் சில்வெஸ்டரும் மேசைக்கு இரு பக்கங்களில் அமர்ந்து வாதாடியவர்கள். வீடு வாங்கிய பிறகு வேலிக்கு இரு பக்கங்களில் நின்று வாதாடுகிறவர்கள்.

"யாரும் இல்ல" என்றார் சில்வெஸ்டர்.

"அப்ப விசாரணை செல்லாது லா. நான் வாரேன்."

செவ்வாய் மாலை ஜெயபாலன், சட்டைப்பையில் இரண்டு பேனாக்களுடன் வந்தார். அவர் மனைவி முத்தம்மா மரவள்ளிக்கிழங்கு வடையோடு பின்னால் வந்தார். நடுநிலையானவர் என்று கெர்ட்ரூட் தலைமை நாற்காலியில் அமர்த்தப்பட்டார். கென்னத் சாட்சி. சமையலறைப் பெட்டி, கடிதம் ஒட்டியபடியே, நாற்காலியில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மெலிண்டா மட்டும் தன் அறைவாசலில் சாய்ந்து நின்றாள்.

"சார், என் ஆள வேலைக்கி எடுத்தீங்களே, கூட வேலை செய்யிற ரெண்டு பேரு யாருன்னு அறிமுகம் செஞ்சு வச்சீங்களா?" என்று ஜெயபாலன் தொடங்கினார்.

"அவசியம் இல்ல. அவங்கவங்க வேலைய அவங்கவங்க செய்யணும்."

"யாரு தலைவர்னாவது சொன்னீங்களா?"

சில்வெஸ்டர் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கெர்ட்ரூட், "சாட்சி சொல்லலாம்" என்றார்.

"மூணுமே தன்னத்தான் தலைவன்னு நெனச்சிக்கிட்டு இருக்குக்கா. நான் அன்னிக்கே செட் பண்றேன்னேன். அத்தான் டீ குடுத்து அனுப்பிட்டாரு" என்றான் கென்னத்.

"குறிச்சுக்குங்க அக்கா!" என்று ஜெயபாலன் எழுந்தே விட்டார். "நிர்வாகமே இல்லாத எடத்துல என் ஆள் தனியா நின்னு போராடியிருக்கான். ராப்பகலா வேலை. லீவு இல்ல, ஓவர்டைம் இல்ல. பாருங்க, கண்ணுகூடக் கலங்குது!"

"அது மஞ்ச வெளக்குண்ணே. நாற்காலியில வைக்கிறப்ப கேபிள் கழண்டிருச்சு" என்றான் கென்னத்.

மெலிண்டாவே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் துணிவு பெற்ற ஜெயபாலன் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"ஒத்துமையா வேல செய்யிற அண்ணன் தம்பி செட்டு ஒண்ணு வந்துச்சாமே. அத ஏன் சார் எடுக்கல?"

"உறவினர் விதி. ஒங்களுக்குத் தெரியாததா ஜெயபாலன்?"

ஜெயபாலனின் முகத்திலிருந்த விளையாட்டு மறைந்தது. அவர் அமர்ந்தார். வடைத்தட்டை மேசையில் வைத்துவிட்டு முத்தம்மா பேசினார்.

"எனக்கும் தெரியும் சார், நானும் அதே ஃபேக்டரிதான. கல்யாணம் ஆன மறுவாரமே இவருக்குப் பகலு, எனக்கு ராத்திரின்னு மாத்திட்டீங்க. நான் உள்ள போறப்ப இவரு வெளிய வருவாரு. கேட்டுல காவலுக்கு இருக்கிற ஜாகா பாத்துக்கிட்டே நிப்பான். 'சோறு அடுப்புமேல இருக்கு'ம்பேன். 'சரி'ம்பாரு. அவ்வளவுதான் சார் எங்க குடும்பம். மூத்தவ வயித்துல இருக்கான்னுகூடக் கேட்டுல வச்சித்தான் சொன்னேன்."

"அது கம்பெனி விதி முத்தம்மா."

"கம்பெனி விதி வேற பிரிவுக்கு மாத்தச் சொல்லுச்சு. வேற ஷிஃப்டுக்கு மாத்தச் சொல்லல. அது நீங்களா சேத்தது சார்."

சில்வெஸ்டர் முகத்தைத் திருப்பினார். மகளின் அறைக்கதவு திறந்திருந்தது. துடைத்து வைத்த சூட்கேஸ் கட்டிலில் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெர்ட்ரூட் மேசையைக் கரண்டியால் தட்டினார். "சமையலறைப் பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. ஆள் எடுத்தவரு மேலதான் குத்தம். இனிமே இந்த வூட்டுல இன்டர்வியூ கெடையாது. கென்னத், போயி அந்த அண்ணன் தம்பிங்கள கூட்டிட்டு வா."

குற்றமற்ற பெட்டி மற்ற இரண்டோடும் கடைக்குத் திரும்பியது. பிரியும்போது ஜெயபாலன் அதன்மேல் ஒட்டியிருந்த கடிதத்தைக் கிழித்து, பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். மூன்று வெள்ளைச் சகோதரர்களும் இழுத்து வைத்திருந்த கேபிள்களிலேயே பொருந்தினார்கள். கென்னத் மூத்தவரை முன்கூடத்தில் தலைவராக்கி, மற்ற இருவரையும் அவருக்கு அறிமுகம் செய்துவைத்தான். இம்முறை சில்வெஸ்டர் தேநீர் மட்டும் கொடுத்தார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை பாகான் செராய்க்காரர் தம் காலின் கதையை முழுவதும் சொல்லி முடித்தார். பிறகு மேலாளர், "இப்போது நடந்துகொண்டே பேசு, பார்க்கலாம்" என்றார். மெலிண்டா மடிக்கணினியை ஏந்திக்கொண்டு பின்னறையிலிருந்து சமையலறைக்கும், நடுக்கதவு வழியாக முன்கூடத்துக்கும் நடந்தாள். ஒரு பெட்டி மற்றொன்றிடம் அவளை அலுங்காமல் ஒப்படைத்தது. மேலாளரின் முகம் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே இவ்வளவு தெளிவாக வருவதில்லை, நீ அங்கேயே இரு என்று சொல்லி அவர் விடைபெற்றார்.

கெர்ட்ரூட் யாரையும் கேட்காமல் சூட்கேஸைத் தூக்கி அலமாரிமேல் போட்டார். சில்வெஸ்டர் சமையலறையில் நின்று, வெங்காயம் எதுவும் நறுக்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் ஐநூறு முறை கடந்துபோன அந்த நடுக்கதவில் அவள் மறுபடியும் வந்து நின்று, "ப்பா, பசிக்குது" என்றாள். அந்தச் சாதாரண வார்த்தையைக் கேட்க முடியாத வீட்டில் இருப்பது எப்படிப்பட்டது என்று அவர் இரண்டு நாள் எண்ணிப் பார்த்திருந்தார். அப்படிப்பட்ட வீடு ஒன்றை, ஷிஃப்டை மாற்றிய ஒரு கையெழுத்தில், வேறொருவருக்குத் தாமே அமைத்துக் கொடுத்திருந்தார்.

அன்று பிற்பகல் டை இல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனார். முத்தம்மா வாசலில் நின்று, கைத்தொலைபேசியை உயரே பிடித்துக்கொண்டு மகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஜெயபாலன் உள்ளேயிருந்து, "நானும் பேசணும், குடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். பேச்சு முடியும் வரை சில்வெஸ்டர் காத்திருந்தார்.

"முத்தம்மா, அது நானா சேத்ததுதான். ஒரே ஷிஃப்டுல இருந்தா ரெண்டு பேரும் ஒரே நாளு லீவு கேப்பீங்க, எனக்குத் தொல்லைன்னு நெனச்சேன். விதி இல்ல. என் வசதி. தப்புப் பண்ணிட்டேன்."

ஜெயபாலன் வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். "நிர்வாகத்து வாயிலேர்ந்து இப்படி ஒரு வார்த்தையா! முத்தம்மா, நீ கேட்டியா? சாட்சிக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"சும்மா இருங்க" என்று கணவரை அடக்கிவிட்டு, முத்தம்மா சில்வெஸ்டரை உற்றுப் பார்த்தார். "போன வருஷங்களத் திருப்பிக் குடுக்க முடியுமா சார்?"

"முடியாதும்மா."

"அப்ப இதையாச்சும் செய்யுங்க. எங்க பின்னறையில லைனே வராது. இவரு முட்டிவலியோட அங்க படுத்திருப்பாரு. நான் மககூட பேசணும்னா இங்க வாசல்ல வந்து நிக்கணும். இப்பவும் அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்தான்."

சில்வெஸ்டர் திரும்பி நடந்தார். கென்னத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அதே குடும்பத்துப் பெட்டிகள் இரண்டை அன்றே வரவழைத்தார். கேபிளை மட்டும் அவனை இழுக்க விடவில்லை. தம் வீட்டு ஏணியைத் தாமே தோளில் சுமந்துகொண்டு வந்து, ஜெயபாலன் வீட்டு முன்கூடத்திலிருந்து ஆணி அடிக்கத் தொடங்கினார். வாழ்நாளில் அதற்குமுன் சுத்தியல் பிடித்தவர் இல்லை. முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது, கட்டைவிரலைப் பதம் பார்த்தது. ஜெயபாலன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாதுகாப்புத் தொப்பி போடாம ஏறிட்டீங்களே சார், சங்கத்துல சொல்லட்டுமா?" என்று கேலி செய்தார்.

பின்னறை வாசலை நெருங்கும்போது, கீழே நின்ற முத்தம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கோணலாப் போவுது சார்."

சில்வெஸ்டரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோணல்தான். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, கடைசியாக அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கேபிளை நேராக இழுத்துப் பிடித்து, மறுபடியும் அடிக்கத் தொடங்கினார்.